டெரிக்: தூக்குப் போட்டவர் பெயரில் ஒரு பாரந்தூக்கி

பாரம் தூக்கும் கருவிக்கு டெரிக் என்ற பெயர், தூக்குப் போட்ட ஒருவரிடமிருந்து வந்தது என்று முன்பொரு முறை இரண்டே வரி எழுதினேன். அன்றிலிருந்து ஒரே மாதிரிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. கப்பலில் வேலை பார்ப்பவர்கள் ஒரு பக்கம், எண்ணெய் ரிக்கில் இருப்பவர்கள் இன்னொரு பக்கம், சொல்லுக்குப் பூர்வீகம் தேடிப் பொழுதைப் போக்கும் என்னைப் போன்றவர்கள் மூன்றாவது பக்கம். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டுவிட்டேன்.

டெரிக் என்றால் என்ன? கிரேனுக்கு இன்னொரு பெயர்தானே?

கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் ஒன்றே அல்ல. செங்குத்தாக ஒரு கம்பம் நட்டிருக்கிறது, அதன் அடியில் இன்னொரு நீளக் கம்பு கீல் வைத்துப் பூட்டியிருக்கிறது, அந்தக் கம்பின் நுனியைக் கம்பத்தின் உச்சியிலிருந்து வரும் கயிறு ஏற்றி இறக்குகிறது, நுனியில் உள்ள கப்பி வழியாக இன்னொரு கயிறு இறங்கி, அதன் முனையில் கொக்கி தொங்குகிறது. இதுதான் டெரிக்கின் அடிப்படை. சாய்ந்த கம்புக்கு பூம் என்று பெயர். நட்ட கம்பம் விழாமல் இருக்கச் சுற்றிலும் இழுவைக் கயிறுகள் கட்டியிருப்பார்கள், இல்லையென்றால் பின்பக்கம் இரண்டு முட்டுக்கால்கள் கொடுத்திருப்பார்கள்.

கிரேனில் பொதுவாக இழுக்கும் இயந்திரமும் எதிர் எடையும் கிரேனோடு சேர்ந்தே சுழலும். டெரிக்கில் அப்படி இல்லை. கயிற்றைச் சுருட்டி இழுக்கும் வின்ச் என்ற இயந்திரம் எங்கோ தனியாக நிற்கும், அங்கிருந்து கயிறு மட்டும் வரும். கம்பும் கயிறும் கப்பியும்தான் டெரிக், மற்றதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள். இவ்வளவு எளிய சாமான் என்பதால்தான் மரத்துண்டும் வடக்கயிறும் கிடைக்கிற எந்த இடத்திலும் அதை நட்டு வைக்க முடிந்தது.

எண்ணெய்க் கிணற்றின் மேல் நிற்கும் நாலு கால் கோபுரத்துக்கும் டெரிக் என்றுதான் பெயர். அது வேறு உருவம். அதைப் பிறகு பார்க்கலாம்.

பெயர் எங்கிருந்து வந்தது?

ஒரு மனிதரிடமிருந்து. 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டனில் மரண தண்டனையை நிறைவேற்றும் வேலையில் இருந்தவர் டெரிக். முழுப்பெயர் தாமஸ் டெரிக் என்று சொல்லப்படுகிறது. பொதுமக்களை அவர் தூக்கிலிட்ட இடம் டைபர்ன், இன்று லண்டனில் மார்பிள் ஆர்ச் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில்.

ஊரே அறிந்த ஆள் என்பதால் அவர் பெயர் முதலில் அந்த வேலைக்கே பெயரானது. தூக்குப் போடுகிறவர் யாராக இருந்தாலும் டெரிக். அப்புறம் ஆள் போய் மரத்துக்கு வந்தது, தூக்குமரமே டெரிக். ஒருவரைத் தூக்கிலிடுவதை டெரிக் என்ற வினையாகவும் சொன்னார்கள். 18ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல் கப்பல்காரர்கள் வாயில் சரக்குத் தூக்கும் கம்புக்குப் பெயராக நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் எண்ணெய்க் கிணற்றுக் கோபுரத்துக்கும் அதே பெயர் போய் ஒட்டிக்கொண்டது.

மனிதன், மரம், இயந்திரம். அதிகம் போனால் இருநூற்றைம்பது வருஷத்தில் மூன்று பிறவி.

இது உண்மையா, அல்லது இணையத்தில் சுற்றும் கதையா?

நல்ல கேள்வி, ஏனென்றால் சொற்களுக்குப் பூர்வீகம் சொல்கிறேன் என்று சுற்றுவதில் பாதி கட்டுக்கதை. இந்தச் சொல்லின் அடிப்படை மட்டும் உறுதியானது. 1608இல் தாமஸ் டெக்கர் என்ற லண்டன் எழுத்தாளர், ஊர்த் திருடர்களைப் பற்றி எழுதிய சிறு நூலில் டெரிக்கையும் டைபர்னையும் ஒரே மூச்சில் குறிப்பிடுகிறார். படிக்கிறவருக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டிய தேவையே அவருக்கு இருக்கவில்லை. பெயரைச் சொன்னாலே புரிந்துவிடும் அளவுக்கு ஆள் பிரபலம். ஆங்கில அகராதிக்காரர்களும் இந்த வழியைத்தான் ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஆனால் அந்த ஆளைச் சுற்றிப் பின்னால் ஒட்டிய சங்கதிகள் வேறு ரகம். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தன் உயிரைக் காப்பாற்றிய பிரபுவையே வெட்டினாராமே?

இதுதான் எல்லோரும் விரும்பிக் கேட்கும் பகுதி. எசெக்ஸ் பிரபு ராபர்ட் டெவரோ, முதலாம் எலிசபெத் ராணியின் செல்லப்பிள்ளையாக இருந்தவர். 1596இல் ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தைத் தாக்கிப் பிடித்த படையின் தலைவர்களில் ஒருவர். அந்தப் படையெடுப்பில் டெரிக் ஒரு பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்த குற்றத்துக்காகச் சாக வேண்டியவர் என்றும், எசெக்ஸ் பிரபு மன்னித்து விட்டார் என்றும் கதை. மன்னிப்புக்கு ஈடாகத் தூக்குப் போடும் வேலையை ஏற்றுக்கொண்டார் என்று அதன் மேல் இன்னொரு அடுக்கையும் சேர்ப்பார்கள்.

அப்புறம் காலம் திரும்பியது. அயர்லாந்தில் தோற்றுத் திரும்பிய எசெக்ஸ், ராணியின் தயவை இழந்து, 1601 பிப்ரவரி 8ஆம் தேதி லண்டன் தெருக்களில் ஆட்களைத் திரட்டிக் கலகம் செய்யப் பார்த்தார். ஊர் கூடவில்லை. அதே மாதம் 25ஆம் தேதி லண்டன் கோட்டைக்குள் அவர் தலை வெட்டப்பட்டது. ஒரே வெட்டில் போகவில்லை, மூன்று முறை கோடரி இறங்கியது. வெட்டியவர் டெரிக்.

எசெக்ஸ் செத்த பிறகு லண்டனில் அவர் மேல் அனுதாபப் பாட்டுகள் அச்சாகி விற்றன. நம்மூர் சந்தைகளில் முன்பு கொலைச்சிந்துப் புத்தகங்கள் விற்றார்களே, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியொரு பாட்டில்தான் பிரபு டெரிக்கைப் பார்த்து, உன் உயிரை அன்று காடிஸில் காத்தேனே என்று சொல்வதாக வருகிறது. ஆக, கதையின் வேர் அந்தத் தெருப்பாட்டு. நடந்ததாகவே இருக்கலாம், ஆனால் செய்நன்றி கொன்றவன் கதை பாட்டுக்கு எவ்வளவு தோதானது என்பதையும் மறந்துவிடாதீர்கள். நான் இதைப் பாதி நம்பி வைத்திருக்கிறேன்.

ஒன்றைக் கவனித்தீர்களா? அவர் பெயர் தூக்குமரத்தோடு ஒட்டியது, ஆனால் மிகப் பெரிய வேலை கோடரியால் செய்தது. அந்தக் காலத்தில் பிரபுக்களுக்குத் தலை வெட்டு, சாதாரண ஜனங்களுக்குத் தூக்கு. சாவிலும் வரிசை வைத்திருந்தார்கள். சொல்லாக நின்றது சாதாரண ஜனங்களின் சாவுதான்.

மூவாயிரம் பேரைக் கொன்றார் என்று படித்தேன். சரியா?

அந்த எண்ணைக் கையோடு கை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், பதிவேட்டை யாரும் காட்டுவதில்லை. விட்டுவிடுங்கள்.

கப்பி வைத்த புதுத் தூக்குமரத்தைக் கண்டுபிடித்ததே டெரிக்தான், அதனால்தான் இயந்திரத்துக்கு அவர் பெயர் வந்தது என்கிறார்களே?

இதை எனக்கு அனுப்பாத ஆளே இல்லை. படித்தவுடன் கச்சிதமாகப் பொருந்துகிற மாதிரி இருக்கும். அங்கேதான் சந்தேகம் வர வேண்டும்.

டைபர்னில் நின்றது சாதாரண மரமல்ல. 1571இல் அங்கே முக்கோணமாக ஒன்றைக் கட்டினார்கள். மூன்று உயரமான கால்கள், அவற்றை இணைக்கும் மூன்று குறுக்கு விட்டங்கள். மூன்று கால் மரம் என்றே ஊர் அதைச் சொன்னது. 1649இல் ஒரே நாளில் 24 பேரை அதில் தொங்கவிட்டார்கள், விட்டத்துக்கு எட்டுப் பேர். இந்த மரம் நட்டது டெரிக் பெயர் அடிபடுவதற்கு முப்பது வருஷம் முந்தி.

தூக்கிலிடும் முறையையும் பாருங்கள். நியூகேட் சிறையிலிருந்து மேற்கே ஏறக்குறைய மூன்று மைல் தூரம் கைதியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். விட்டத்துக்குக் கீழே வண்டியை நிறுத்தி, கழுத்துச் சுருக்கின் மறுமுனையை விட்டத்தில் கட்டி, குதிரையைத் தட்டிவிடுவார்கள். வண்டி நகரும், ஆள் அந்தரத்தில் நிற்பார். மெதுவாக மூச்சுத் திணறித்தான் உயிர் போகும். இதில் ஆளை மேலே தூக்குகிற வேலையே கிடையாது, வண்டியைக் கீழேயிருந்து உருவுகிற வேலைதான். தூக்காத இடத்தில் கப்பி எதற்கு, பூம் எதற்கு?

ஆகவே என் கட்சி இதுதான்: டெரிக் எதையும் கண்டுபிடிக்கவில்லை. பாரந்தூக்கிக்கு அவர் பெயர் இருப்பதைப் பார்த்த பிற்காலத்தவர்கள், பெயர் இருந்தால் கண்டுபிடிப்பும் இருந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கட்டிய கதை இது. பெயர் வந்தது உருவ ஒற்றுமையால். ஒரு நெட்டைக் கம்பு, அதிலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் முனையில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு பாரம். தூரத்திலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று நினைக்கிறீர்கள்?

அப்படியானால் தூக்குமரத்திலிருந்து கப்பலுக்கு எப்படிப் போனது?

மாலுமிகளின் வாய்தான் வழி. கப்பல்காரர்கள் கருவிகளுக்குப் பெயர் வைக்கிற அழகே தனி, எதையும் கிண்டல் இல்லாமல் கூப்பிடமாட்டார்கள். டெரிக்கின் பூம் கம்பத்தோடு சேரும் இடத்தில் உள்ள வளைந்த இரும்புக்கு இன்றும் கூஸ்நெக், அதாவது வாத்துக் கழுத்து, என்றுதான் பெயர்.

தூக்குமரம் கப்பலில் புதிய விருந்தாளியும் அல்ல. உதிரிப் பாய்க்கம்புகளைத் தாங்குவதற்காகத் தளத்தின் மேல் நிறுத்தியிருந்த சட்டத்தை, இரண்டு கால் ஒரு குறுக்குவிட்டம் என்று இருந்ததால், தூக்குமரம் என்ற ஆங்கிலச் சொல்லாலேயே அழைத்தார்கள். அமெரிக்காவின் பியூட் நகரத்துச் செம்புச் சுரங்கங்களில், சுரங்கக் குழிக்கு மேல் ஆளையும் கல்லையும் ஏற்றி இறக்க நின்ற இரும்புக் கோபுரங்களுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயரும் தூக்குமரச் சட்டம். கோலார் தங்கவயல் பக்கம் போனவர்கள் அதே மாதிரிக் கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். கப்பலில் ஒரு தடவை, சுரங்கத்தில் ஒரு தடவை, இங்கிலீஷ்காரர்கள் கயிறு தொங்கும் சட்டத்தைப் பார்த்தாலே இதே நினைப்புக்குப் போயிருக்கிறார்கள். டெரிக்கும் அந்த வரிசையில்தான்.

இன்னொரு விஷயம், இது என் ஊகம். 1660களில் ஜாக் கெட்ச் என்றொரு ஆள் அதே வேலைக்கு வந்தார். 1683இல் ரஸ்ஸல் பிரபுவையும் 1685இல் மான்மத் கோமகனையும் வெட்டும்போது அவர் அடித்த அலங்கோலம் ஊர் சிரித்தது, சிரித்தது மட்டுமில்லை, கூட்டம் அவரை அடிக்கவே பார்த்தது. அவர் 1686இல் இறந்தார், ஆனால் அதற்குப் பிறகு நெடுங்காலம் தூக்குப் போடுகிற எவருக்கும் ஜாக் கெட்ச் என்றே பெயர் ஓடியது. புது ஆள் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதால், பழைய டெரிக்குக்கு அந்த வேலையிலிருந்து விடுதலை கிடைத்தது. கெட்ச் வராமல் இருந்திருந்தால், இன்றும் டெரிக் என்ற சொல்லில் ரத்த வாடை அடித்திருக்கும், துறைமுகத்தில் அதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்லமாட்டார்கள்.

கப்பல் டெரிக் எப்படி வேலை செய்யும்? இன்றும் இருக்கிறதா?

பழைய சரக்குக் கப்பலின் படத்தைப் பார்த்தால் தளமெங்கும் கம்பும் கயிறுமாக ஒரே காடாக இருக்குமே, அதில் பெரும்பகுதி டெரிக்தான். ஒவ்வொரு சரக்கறை வாயிலுக்கும் ஒரு ஜோடி.

ஜோடியாக வைத்ததில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. ஒரு பூமை சரக்கறைக்கு நேர் மேலேயும், இன்னொன்றை கப்பலுக்கு வெளியே துறைமேடைக்கு மேலேயும் நிறுத்திக் கட்டிவிடுவார்கள். இரண்டிலிருந்தும் வரும் கயிறுகள் ஒரே கொக்கியில் சேரும். முதல் கயிறு மூட்டையை அறையிலிருந்து மேலே இழுக்கும், அப்புறம் இரண்டாவது கயிறு இழுக்க இழுக்க முதலாவது விட்டுக்கொடுக்கும், மூட்டை கப்பலின் விளிம்பைத் தாண்டி அந்தரத்திலேயே நகர்ந்து மேடைக்கு மேல் போய் நிற்கும். பூம் இரண்டும் அசையவே அசையாது. இரண்டு வின்ச்சையும் பிடிக்கிறவர்களுக்குள் கைப்பழக்கம் இருந்தால் பார்க்க அவ்வளவு அழகு.

ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. சரக்கை உயரத் தூக்கத் தூக்க இரண்டு கயிறுகளுக்கும் நடுவே உள்ள கோணம் விரியும். கோணம் 120 பாகை ஆகும்போது ஒவ்வொரு கயிறும் முழு எடையையும் தாங்குகிறது, அதாவது இரண்டு பேர் சுமப்பதால் பாதி பாதி என்று நினைத்த கணக்கு பொய்த்துப்போகிறது. அதற்கு மேல் விரிந்தால் இழுவிசை எடையையே மிஞ்சிவிடும், கயிறு அறுந்துபோகலாம். அதனால்தான் 120ஐத் தாண்டவே கூடாது என்று கப்பல்காரர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

1956 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் கிளம்பியது. கன்டெய்னர் காலம் அங்கே ஆரம்பம். பெட்டி வந்ததும் தூக்கும் வேலை கப்பலிலிருந்து கரைக்குப் போனது, துறைமுகமே ராட்சத கிரேன்களை நட்டுக்கொண்டது. மூட்டைக்கும் சாக்குக்கும் பழகிய டெரிக்குகள் மெல்ல மெல்ல இறங்கின. கரையில் கிரேன் இல்லாத சின்னத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களில் மட்டும் சொந்தமாகத் தூக்கும் வசதி தேவைப்படுகிறது, அவற்றிலும் இப்போது தளத்தில் பொருத்திய கிரேன்தான் அதிகம்.

பெயர் மட்டும் விடவில்லை. கிரேனின் கையை ஏற்றி இறக்கும் அசைவுக்கு இன்றும் டெரிக்கிங் என்று ஒரு தொழில்சொல் உண்டு. தூக்குக் கைதியின் கழுத்து அங்கேயும் லேசாகத் தெரிகிறது.

கட்டட வேலையிலும் டெரிக் உண்டா?

உண்டு. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு 1930 மார்ச்சில் கட்டுமானம் தொடங்கியது, 1931 மே 1ஆம் தேதி திறந்துவிட்டார்கள். 102 மாடி. அதன் இரும்புத் தூண்களைத் தூக்கி நிறுத்தியவை இழுவைக் கயிறு கட்டிய டெரிக்குகள்தான். கட்டடம் உயர உயர டெரிக்கும் மேலே ஏற வேண்டுமே? டெரிக்கின் கம்பமும் பூமும் ஒன்றையொன்று தூக்கிவிட்டு மேல்தளத்துக்குப் போய்விடும். முதலில் பூமைக் கழற்றித் தற்காலிகக் கம்பமாக நிறுத்திப் பெரிய கம்பத்தை அதால் தூக்குவது, பிறகு கம்பம் பூமைத் தூக்குவது. இதற்குத் தாண்டுவது என்றே பெயர். தன் தோளில் தானே ஏறிக்கொள்கிற வித்தை.

எண்ணெய்க் கிணற்றுக்கு எதற்கு அந்தப் பெயர்? அதில் பூமே இல்லையே?

பூம் இல்லை, ஆனால் உச்சியில் கப்பியும் அதிலிருந்து தொங்கும் கயிறும் உண்டு. 1859 ஆகஸ்ட் 27ஆம் தேதி பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் என்பவரின் துளை 69 அடி சொச்சம் ஆழத்தில் எண்ணெயைத் தொட்டது. அன்றைய முறையில் கனமான இரும்பு உளியைக் கயிற்றில் கட்டி, தூக்கித் தூக்கிப் போட்டுப் பாறையை இடிப்பார்கள். தூக்குவதற்கு மேலே ஒரு கப்பி வேண்டும், கப்பியைத் தாங்க ஒரு மரச்சட்டம் வேண்டும். அந்தச் சட்டம் டெரிக். அடுத்த சில வருஷங்களில் அந்தப் பள்ளத்தாக்கே டெரிக் காடாகிவிட்டது. பக்கத்தில் ஆயில் சிட்டி என்ற ஊரில் 1871இல் ஆரம்பித்த செய்தித்தாளுக்கும் டெரிக் என்றே பெயர் வைத்தார்கள். தூக்குப் போட்டவர் பெயரில் காலைப் பத்திரிகை!

பிற்காலத்தில் உளியை இடிப்பது போய், குழாயைச் சுழற்றித் துளைக்கும் முறை வந்தது. அப்போது டெரிக் இன்னும் உயர்ந்தது. காரணம் எளிது: துளைக்கும் குழாய் ஒவ்வொன்றும் சுமார் 30 அடி. அடியில் உள்ள பற்கள் தேய்ந்துபோனால் ஆயிரக்கணக்கான அடிக் குழாயையும் வெளியே இழுத்தாக வேண்டும். ஒவ்வொரு 30 அடிக்கும் மறையைக் கழற்றிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். அதனால் மூன்று குழாயைச் சேர்த்தபடியே 90 அடித் துண்டாக உருவி டெரிக்குக்குள்ளேயே நிற்க வைப்பார்கள். அதற்குத்தான் அந்த உயரம். மேலே பாதி உயரத்துக்கு மேல் ஒரு சின்னப் பலகையில் நின்று குழாயின் தலையைப் பிடித்து ஓரமாகச் சாய்த்து வைக்கும் ஆளுக்கு டெரிக்மேன் என்று பெயர், அவர் நிற்கும் பலகைக்குக் குரங்குப் பலகை என்று பெயர். நானூறு வருஷத்துக்கு முன் டெரிக்மேன் என்று யாரையாவது கூப்பிட்டிருந்தால் தெருவே ஒதுங்கி நின்றிருக்கும்.

வேறு கருவிகளுக்கும் இப்படி மனிதர் பெயர் உண்டா?

தூக்கும் சாமான்களில் நிறைய. கப்பலின் ஓரத்தில் உயிர்காப்புப் படகைத் தொங்கவிட்டிருக்கும் வளைந்த இரும்புக் கைகளுக்கு டேவிட் (davit) என்று பெயர். அது டேவிட் (David) என்ற ஆள்பெயரின் செல்ல வடிவத்திலிருந்து வந்தது. கார் டயர் மாற்றும்போது வைக்கும் ஜாக், ஆங்கிலத்தில் எந்தச் சாதாரண ஆளையும் குறித்த ஜாக் என்ற பெயர்தான். கூலியாள் செய்யும் வேலையைக் கருவி செய்தால் அதற்கும் கூலியாள் பெயர். நம்மூர் ஒர்க்‌ஷாப்பில் அதை ஜாக்கி என்கிறோம். குதிரைப் பந்தயத்து ஜாக்கியும் ஜாக்கின் (Jack) ஸ்காட்லாந்து வடிவமான ஜோக் (Jock) என்பதன் செல்லப்பெயர்தான், ஆக இரண்டு ஜாக்கியும் சுற்றி வளைத்துச் சொந்தக்காரர்கள்.

பிரான்சில் தலை வெட்டிய இயந்திரமான கில்லட்டினும் மனிதர் பெயர் என்று பலருக்குத் தெரியும். ஆனால் டாக்டர் கில்லட்டின் அதைச் செய்தவர் அல்ல. 1789இல் பிரெஞ்சுச் சபையில், எல்லோருக்கும் ஒரே மாதிரி, வலியில்லாத தண்டனை வேண்டும் என்று பேசியவர், அவ்வளவுதான். வடிவமைத்தவர் அந்துவான் லூயி என்ற இன்னொரு டாக்டர், செய்து கொடுத்தவர் டோபியாஸ் ஷ்மித் என்ற இசைக்கருவி செய்பவர். 1792 ஏப்ரல் 25ஆம் தேதி முதல் தலை விழுந்தது. கொஞ்ச நாள் லூயிசெட் என்று லூயியின் பெயரால்தான் சொன்னார்கள், அது நிற்கவில்லை. டெரிக்குக்கு நேர்ந்தது தலைகீழ். அங்கே சாகடித்தவர் பெயர் மூட்டை தூக்கப் போனது, இங்கே வலி வேண்டாம் என்றவர் பெயர் தலை வெட்டப் போனது.

கிரேன் என்ற சொல்லும் அப்படித்தானா?

அது மனிதர் அல்ல, பறவை. நீண்ட கழுத்தும் நெட்டைக் காலும் உள்ள பறவையின் பெயரே இயந்திரத்துக்கும் வந்தது. நம் வயல் கொக்கு அதே குடும்பம் இல்லை, ஆனால் நிற்கிற தோரணை மனதில் வந்துவிடும். இதில் ஆங்கிலம் தனியாக இல்லை. பழைய கிரேக்கத்தில் கெரனோஸ் என்றால் பறவையும்தான், பாரந்தூக்கியும்தான். பிரெஞ்சில் க்ரூ, அதுவும் இரண்டும். போலிஷ் மொழியில் ஜுராவ் என்பதும் இரண்டையும் குறிக்கும். போலந்தின் க்டான்ஸ்க் துறைமுகத்தில் 15ஆம் நூற்றாண்டில் கட்டிய மரத் தூக்கியின் பெயரே ஜுராவ். உள்ளே பெரிய சக்கரத்துக்குள் ஆட்கள் நடந்து நடந்து அதைச் சுழற்றினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஹங்கேரியும் ரஷ்யாவும். கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்க ஒரு நட்ட மரம், அதன் மேல் ஏறி இறங்கும் நீளக் கம்பு, நுனியில் வாளி. நாம் ஏற்றம் என்கிறோம், யாழ்ப்பாணத்தில் துலா என்கிறார்கள். ஹங்கேரியில் அதற்கு நாரைக் கிணறு என்ற பொருள்படும் பெயர், ரஷ்யாவில் கிரேன் பறவையின் பெயர். நாம் அது ஏறுவதைப் பார்த்தோம், அவர்கள் அது குனிந்து குடிப்பதைப் பார்த்தார்கள்.

தமிழில் டெரிக்கை எப்படிச் சொல்வது?

பேச்சில் டெரிக் என்றே சொல்லுங்கள், வேலையிடத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எழுத்தில் பாரந்தூக்கி, பளுதூக்கி இரண்டும் ஓடுகின்றன, ஆனால் இரண்டுமே கிரேனையும் குறித்துவிடுகின்றன. கம்பத் தூக்கி என்று சொன்னால் பிரிந்து தெரியும் என்பது என் ஆசை, யாரும் கேட்கப்போவதில்லை.

இதில் வேடிக்கை வேறு. தூக்குமரத்தையும் தூக்குகிற இயந்திரத்தையும் இணைக்க இங்கிலீஷ்காரர்களுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டார். தமிழுக்குத் தேவைப்படவே இல்லை. தூக்குத் தண்டனை, தூக்குமேடை, தூக்குக் கயிறு எல்லாம் ஒரு பக்கம். பாரந்தூக்கி, சிங்கப்பூர்க்காரர்கள் லிஃப்டுக்குச் சொல்லும் மின்தூக்கி, டீ வாங்கிவர எடுத்துப்போகும் தூக்குவாளி எல்லாம் மறுபக்கம். வினை ஒன்றுதான். பழந்தமிழில் தூங்கு என்றால் தொங்கு என்று பொருள், அந்தரத்தில் தொங்கிய கோட்டையைத் தூங்கெயில் என்றார்கள், கூட்டைத் தொங்கவிடும் குருவி தூக்கணாங்குருவி ஆனது. தானாகத் தொங்கினால் தூங்கு, தொங்கவிட்டால் தூக்கு. தொங்கவிட வேண்டுமானால் மேலே எடுக்க வேண்டும், அதனால் மேலே எடுப்பதும் தூக்கு. லண்டனில் ஒரு மனிதர் வழியாக நூற்றைம்பது வருஷம் நடந்த பயணம் இங்கே ஒரு வினைச்சொல்லுக்குள் வாசல் தாண்டாமல் முடிந்துவிட்டது.

கடைசிக் கேள்வி: பையனுக்கு டெரெக் என்று பெயர் வைக்க நினைத்தோம். இதைப் படித்த பிறகு யோசனையாக இருக்கிறது.

தாராளமாக வையுங்கள். தூக்குப் போட்டவர் வருவதற்கு ஆயிரம் வருஷம் முன்பே புழங்கிய பெயர் அது. தியோடரிக் என்ற பழைய ஜெர்மானியப் பெயர், மக்களை ஆள்பவன் என்று பொருள், டச்சுக்காரர்கள் வழியாக டெரிக், டெரெக் ஆனது. ஜெர்மனியில் அதே பெயர் டீட்ரிச். அங்கே டீட்ரிச் என்றால் பூட்டைத் திறக்கும் கள்ளச்சாவி என்றும் அர்த்தம், பாவம், அந்தப் பெயருக்குப் போன இடமெல்லாம் போலீஸ் சகவாசம்.

இங்கிலாந்துக்கு ஆடி 297 டெஸ்ட் விக்கெட் எடுத்த இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் பெயர் டெரெக் அண்டர்வுட். கூட ஆடியவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் டெட்லி, உயிரை வாங்குகிறவர். டைபர்னை நினைத்து வைத்திருக்கமாட்டார்கள்.